ஆற்றின் அடியில் உறையும் நஞ்சு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. கம்பனையும் இளங்கோவையும் எடுத்துரைக்கக் கற்றறிந்த புலவர் பெருமக்கள் இவ்வவையில் உள்ளனர். நாமோ இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் எழுத்தர்; பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் படித்தவரல்லோம். எனவே நமக்குத் தெரிந்த கணக்கு வழியிலேயே ஒரு பொருளைப் பேச முற்படுகிறோம். அப்பொருள் ஆறு. ஆற்றில் வாழும் மீன். அம்மீனின் உடலில் சேரும் நஞ்சு.

சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணச் சென்று பேரியாற்று மணற்கரையில் தங்கினான் என்றும், அங்கேதான் மலைவாழ் குறவர் தாம் கண்ணகியைக் கண்ட செய்தியை அவனுக்கு எடுத்துரைத்தனர் என்றும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கூறுகிறது. அப்பேரியாறே இன்று பெரியாறு என வழங்குவது என்பர் அறிஞர். 244 கிலோமீட்டர் நீளமுடைய அந்த ஆறு கேரளத்தின் மிக நீண்ட ஆறு. நமது காப்பியம் பிறந்த கரை என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் கரையின் இன்றைய நிலை யாது என்று எண்ணிப் பார்த்தோமா? ஆதலால் இன்று நாம் பேசப் போவதும் ஒரு வகையில் இலக்கியத்தின் எஞ்சிய கதையே எனலாம்.

முதலில், கன உலோகம் என்பது யாது? பாதரசம், காரீயம், காட்மியம், குரோமியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் முதலியவற்றை இப்பெயரால் குறிப்பர். இவற்றுள் செம்பும் துத்தநாகமும் உயிர்களுக்குச் சிறிதளவு வேண்டுபவை. அளவு மிஞ்சினால் அவையும் நஞ்சு. பாதரசமும் காரீயமும் காட்மியமும் எவ்வுயிர்க்கும் எவ்வளவும் வேண்டாதவை. நம் முன்னோர் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு எனப் பிரித்தறிந்தவர்கள். வெள்ளீயம் பூசிய பாத்திரத்தில் சமைத்தார்கள்; ஈயச் சொம்பில் இரசம் வைத்தார்கள். காரீயத்தை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. அந்தப் பகுத்தறிவு நமக்கு வழிவழியாக வந்தது.

நாம் குடியிருக்கும் ஊரின் பெயர் காஞ்சிரங்குளம். காஞ்சிரம் என்பது எட்டி மரத்தின் பெயர். எட்டிக் கொட்டை கொடிய நஞ்சு. ஆயினும் அது ஒரு விதத்தில் நேர்மையான நஞ்சு. நாவில் பட்டதும் கசந்து எச்சரிக்கை செய்துவிடுகிறது. நீரில் கரைந்த காட்மியத்துக்கோ மீனில் சேர்ந்த பாதரசத்துக்கோ கசப்பில்லை, நாற்றமில்லை, நிறமில்லை. கண்ணும் மூக்கும் நாவும் காட்டிக்கொடுக்காத பகை இது. நமது இந்தியத் தரநிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்துள்ள வரம்பைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது, காட்மியம் 0.003, காரீயம் 0.01, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம். இத்துணைச் சிறு அளவை எந்தப் புலன் அறியும்?

இனிக் கணக்குக்கு வருவோம். வரவு உண்டு, செலவு இல்லை என்றால் இருப்பு ஏறிக்கொண்டே போகும். இது பேரேடு எழுதும் எவருக்கும் தெரிந்த உண்மை. ஆற்றில் விழும் இலை தழையையும் சாக்கடைக் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்று செரித்துவிடுகின்றன. அங்கே செலவு உண்டு. உலோகமோ அடிப்படைத் தனிமம். அதைத் தின்று அழிக்க எந்த நுண்ணுயிராலும் ஆகாது. வெயில் அதை எரிக்காது. காலம் அதைக் கரைக்காது. இடம் மாறும், உரு மாறும், இல்லாமற் போகாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆற்றில் கொட்டியது இன்றும் எங்கோ இருந்தே தீரும்.

எங்கே இருக்கும்? பெரும்பகுதி அடிச்சேற்றில் இருக்கும். நுண்ணிய களிமண் துகள்கள் உலோகத்தைப் பற்றிக்கொண்டு கீழே படிகின்றன. ஆற்று நீர் உப்பு நீரோடு கலக்கும் கழிமுகத்தில் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு விரைந்து அமிழ்கின்றன. அதனாற்றான் கழிமுகங்களும் காயல்களும் நஞ்சின் களஞ்சியங்களாகின்றன. மேலே ஓடும் நீரை மொண்டு சோதித்து, குற்றமில்லை என்று சான்று தருவோர் உண்டு. அது கல்லாப்பெட்டியில் உள்ள சில்லறையை மட்டும் எண்ணிவிட்டுக் கிடங்குச் சரக்கைப் பாராமல் விடுவதற்கு ஒப்பாகும். அமிலக் கழிவு வந்து கலந்தாலும், மணல் வாரும் பொறி சேற்றைக் கிளறினாலும், பெருவெள்ளம் படுகையை அரித்தாலும் அடியில் உறங்கிய உலோகம் மீண்டும் எழுந்து நீரில் பரவும்.

நீர்வாழ் உயிர்களுக்கு இதனால் நேர்வது யாது? மீனின் செவுள் வெறும் மூச்சுக் கருவி மாத்திரமன்று. நீரிலுள்ள சோடியம், கால்சியம் முதலிய உப்புக்களை உடலுக்குள் வாங்கும் வாயிலும் அதுவே. செம்பு மிகுந்தால் சோடியம் வாங்கும் வழி அடைபடுகிறது. காட்மியம் கால்சியத்தின் வேடம் பூண்டு அதே வாயில் வழியே உள்ளே நுழைகிறது. துத்தநாகம் மிகுந்தால் செவுளின் மெல்லிய இழைகள் வீங்கி, நீர் நிறைந்திருக்கும்போதே மீன் மூச்சுத் திணறுகிறது. செம்பு மிகச் சிறிய அளவிலும் மீனின் மோப்ப உணர்வை மழுங்கச் செய்கிறது. இரை எது, பகை எது என்று மோந்தறியும் ஆற்றலை இழந்த குஞ்சு எத்தனை நாள் பிழைக்கும்? அது நஞ்சினால் செத்ததென்று எவரும் எழுதமாட்டார். பெரிய மீன் விழுங்கியதென்றே கணக்கு முடிந்துவிடும். முட்டையும் குஞ்சுமே முதலில் அழிகின்றன. தாய் மீன்கள் நீந்திக்கொண்டிருக்க, அடுத்த தலைமுறை ஓசையின்றி மறைகிறது.

இதில் நம் நாட்டு ஆறுகளுக்கே உரிய ஓர் இடர் உண்டு. சுண்ணச்சத்து மிகுந்த கடின நீரில், கால்சியம் உலோகத்தோடு போட்டியிட்டு மீனை ஓரளவு காக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கு நோக்கி இறங்கும் ஆறுகளின் நீர் பெரும்பாலும் மென்னீர். அந்தக் காவல் இங்கே குறைவு. ஆதலால், வேறிடத்தில் மீன் தாங்கும் அளவை இங்குள்ள மீனும் தாங்கும் என்று எண்ணுதல் தகாது.

பாதரசத்தின் வழி இன்னும் சூழ்ச்சியானது. காற்றில்லாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அவ்வுருவில் அது பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் பூச்சியில் மிகுந்து, பூச்சியைத் தின்னும் சிறு மீனில் இன்னும் மிகுந்து, சிறு மீனைத் தின்னும் பெரு மீனில் பன்மடங்கு பெருகுகிறது. படிதோறும் வட்டிக்கு வட்டி ஏறுகிறது. நீரில் அளக்கவே அரிதான நஞ்சு, உணவுத் தட்டுக்கு வரும்போது நரம்பைத் தாக்கும் அளவை எட்டிவிடக்கூடும்.

இது கற்பனையன்று. ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊர். சிஸ்ஸோ என்னும் இரசாயன ஆலை 1932 முதல் பாதரசம் கலந்த கழிவை அங்குள்ள குடாவில் விட்டுவந்தது. முதலில் பூனைகள் வெறிகொண்டாற்போல் சுழன்று ஆடிச் செத்தன. பின்னர் மக்களின் கைகால்கள் நடுங்கின, பேச்சுக் குழறிற்று, பார்வை ஒடுங்கிற்று. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. ஆலைக் கழிவே காரணமென அரசு ஒப்புக்கொண்டதோ 1968இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் கழிவு ஓடிற்று. ஏழைச் செம்படவர்கள் மீன் தின்றார்கள். 2,200க்கும் மேற்பட்டோர் நோயாளர் என அரசின் சான்று பெற்றனர். நோயின் குறி சிறிதளவே தோன்றிய தாய்மாரின் வயிற்றில், கடும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. தாயின் உடலிலிருந்து நஞ்சு கருவுக்குள் புகுந்திருந்தது. அதே நாட்டில் ஜின்சு ஆற்றின் கரையில், சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நெல் வயலில் பாய்ந்து எலும்பை முறிக்கும் நோயைத் தந்தது. வலி தாளாமல் மக்கள் கதறிய கதறலே அந்நோய்க்கு இத்தாய் இத்தாய் என்னும் பெயராயிற்று.

இனிப் பெரியாற்றுக்கு வருவோம். கொச்சிக்கு வடக்கே, ஆறு கிளை பிரியும் இடத்தில் ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் பரப்புடைய ஏலூர் என்னும் தீவு இருக்கிறது. எதிர்க்கரை எடயாறு. 1940களில் அங்கே உர ஆலை எழுந்தது. பின்னர் காரம் செய்யும் ஆலை, அருமண் ஆலை, பூச்சிமருந்து ஆலை, துத்தநாக ஆலை எனக் கூட்டம் பெருகிற்று. காரம் செய்யும் தொழிலில் முற்காலத்தில் பாதரசக் கலங்களைப் பயன்படுத்தினர். பிற்காலத்தில் சவ்வு முறைக்கு மாறினர். துத்தநாகக் கனிமத்தோடு காட்மியம் உடன்பிறப்பாகவே வருவது. அப்பகுதியின் அடிச்சேற்றிலும் கொச்சிக் காயலிலும் துத்தநாகமும் காட்மியமும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல்லாண்டுகளாகக் காட்டிவருகின்றன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 43 இடங்களைக் கடுமையாக மாசுபட்டவை எனக் குறித்தது. பெருங்கொச்சி அவற்றுள் ஒன்று. தமிழகத்திலிருந்து வேலூர், மணலி, கடலூர், கோவை ஆகியனவும் அப்பட்டியலில் இடம் பெற்றன. ஆகவே, மலைக்கு இப்பாலுள்ளோர் அப்பாலுள்ளோரைக் குறைகூற இடமில்லை.

2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்ததைச் செய்தித்தாள்களில் அனைவரும் கண்டிருப்பீர்கள். கூண்டுகளில் மீன் வளர்த்தோர் ஒரே இரவில் முதலை இழந்து நின்றனர். பாதாளம் தடுப்பணையின் கதவுகள் திறந்தபின் நீரில் உயிர்வளி குன்றியதே காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் கேடான அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதுமாறு வேண்டுகிறோம். ஒரே இரவில் மீன் சாவது பெரும்பாலும் மூச்சடைப்பாலோ கடு நஞ்சாலோ நேர்வது. அதைக் கண் காண்கிறது, நாடு பேசுகிறது, பத்து நாளில் மறந்தும் போகிறது. உலோக நஞ்சோ மீனை அவ்வளவு எளிதில் மிதக்க விடுவதில்லை. மீன் நீந்துகிறது, வலையில் விழுகிறது, சந்தைக்கு வருகிறது, துள்ளுகிறது. செத்து மிதந்த மீனை எவரும் வாங்கமாட்டார். உயிரோடு துள்ளும் மீனின் உள்ளே இருப்பதை யார் கேட்டார்? மிதந்த மீனுக்காக எழுந்த குரல், அடிச்சேற்றுக்காகவும் எழ வேண்டும் என்பதே நமது கருத்து.

தாய்த் தமிழகத்தின் நிலையையும் மறைக்கலாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறும் அதன் கரைக் கிணறுகளும் கெட்டன. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியை அவ்வழக்கில் நிலைநாட்டிற்று. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 2025 சனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட நேர்ந்தது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையொன்று ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. ஆலை போயிற்று; குவியல் நின்றது. கொடைக்கானலில் வெப்பமானி செய்த ஆலை 2001இல் மூடப்பட்டது. 2006இல் வெளிவந்த ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டது. ஆலையின் கதவுக்குப் பூட்டுப் போடலாம். சேற்றுக்குப் பூட்டுப் போட இயலாது.

அப்படியாயின் ஆலைகளே வேண்டாவோ? அவ்வாறு நாம் சொல்லோம். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். ஓர் ஆலைச் சங்கொலி எத்தனை அடுப்பில் உலை ஏற்றுகிறது என்பது நமக்குத் தெரியும். உர ஆலை இல்லாத நாளில் நாடு கஞ்சிக்குக் கையேந்தியதும் உண்டு. ஆனால் ஒருவனுடைய கூலி மற்றொருவனுடைய வலையைப் பிடுங்கி வருவதாயின், அது வருமானம் ஆகாது. பெயர் எழுதாத கடன். ஆலைக்குள் வேலை செய்பவனும் ஆற்று மீனைத் தின்பவனும் பலவேளைகளில் ஒரே குடும்பத்தினர். கழிவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறைகள் இன்று உள்ளன. சுண்ணமிட்டுப் படியவைத்தலும், அயனி மாற்றுப் பிசினும், சவ்வு வடிகட்டியும் புதியன அல்ல. செலவைத் தவிர்க்கும் மனமே தடையாய் நிற்கிறது. ஆலை சேமித்த அந்தப் பணம் செம்படவன் கணக்கில் பற்றாக எழுதப்படுகிறது.

இனி நம் வாயிலுக்கு வருவோம். அகத்தியர் மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரை வழியே ஓடி, நமக்கு அணித்தே பூவாற்றில் கடலொடு கலக்கிறது நெய்யாறு; நீளம் 56 கிலோமீட்டர். இதன் கரையில் ஏலூரைப் போன்ற ஆலைக் கூட்டம் இல்லை. அது நமது நற்பேறு. கெடாத ஆற்றைக் காப்பது எளிது; கெட்ட ஆற்றை மீட்பது அரிது. ஆகவே இப்போதே செய்யத்தக்கன சில கூறுகிறோம்.

ஒன்று. பழைய மின்கலங்கள். வண்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் வைக்கும் பேட்டரியில் காரீயமும் அமிலமும் உள்ளன. அதைக் கொல்லையில் உடைத்துக் காரீயத்தை உருக்கி விற்பது கொடிய பழக்கம். முதலில் அவ்வீட்டுக் குழந்தையின் அறிவு மழுங்கும், பின்னர் மழைநீர் வழியே வாய்க்கால் கெடும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. விற்ற கடையிலேயே கொடுத்துவிடுங்கள். எரிந்துபோன குழல் விளக்கில் பாதரசம் உண்டு. உடைத்து ஆற்றோரம் எறியாதீர்.

இரண்டு. நம்மவரில் பொற்கொல்லர் பலர். கே.டி.எம். என்று நாம் சொல்லும் பற்றாசு காட்மியம் கலந்தது. அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கழுவிய நீர் சாக்கடை வழியே ஆறு சேரும். காட்மியமில்லாப் பற்றாசுகள் உள்ளன, அவற்றுக்கு மாறுங்கள்.

மூன்று. திருவிழாவுக்குப் பின் ஆற்றிலும் கடலிலும் கரைக்கும் சிலைகள். இரசாயன வண்ணம் பூசிய சிலையோடு காரீயமும் குரோமியமும் கரைகின்றன. மத்திய வாரியம் 2010இல் இதற்கு நெறிமுறை வகுத்தது, 2020இல் திருத்தியது. களிமண்ணே கடவுளுக்குப் போதும். நம் முன்னோர் அதைத்தான் படைத்தனர்.

நான்கு. மீன் உண்பது பற்றித் தாய்மார்கள் கேட்பதுண்டு. மீனை விலக்க வேண்டா. அது ஏழையின் சத்துணவு. சாளை, நெத்திலி போன்ற சிறு கடல் மீன்களில் பாதரசம் குறைவு. சுறா போன்று நெடுநாள் வாழ்ந்து பிற மீனைத் தின்னும் பெரு மீன்களில் மிகுதி. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் பின்னவற்றைத் தவிர்த்தல் நன்று. காட்மியம் ஈரலிலும் குடலிலும் மிகுதியாகத் தங்குவதால் அவற்றை நீக்கினால் குறையும். மெத்தில் பாதரசமோ சதையில் கலந்தது. கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. ஆலைக் கழிவு விழும் நீரில் எடுத்த கக்காவையும் சிப்பியையும் வாங்காதீர். அவை நீரை வடிகட்டி உண்பவை, நஞ்சையும் சேர்த்து வைப்பவை.

ஐந்து. இது எழுத்தர் சொல்லும் வழி. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளைச் சோதிக்கக் கடமைப்பட்டது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் அக்கணக்கைக் கேட்கும் உரிமை குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் உண்டு. கேட்கும்போது நீரின் கணக்கை மட்டும் கேளாதீர். அடிச்சேற்றின் கணக்கையும் மீனின் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். சோதிக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதிலே. அடுத்த மனுவுக்கு அதுவே ஆதாரம். நமது சங்கம் ஆண்டுதோறும் நெய்யாற்றைப் பற்றி இவ்வாறொரு மனு அனுப்பி, வரும் விடையை இம்மலரிலேயே தமிழில் வெளியிட வேண்டும் என்று முன்மொழிகிறோம். மலையாள நண்பர்களையும் உடன் சேர்த்துக்கொள்வோம். ஆற்றுக்கு மொழிப் பிரிவு இல்லை. அதில் உள்ள நஞ்சுக்கும் இல்லை.

அன்பர்களே! மினமாட்டாவில் நோயை அறிந்தபின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிவு ஓடியது. அத்துயரின் பெயரால் உலக நாடுகள் 2013இல் ஓர் உடன்படிக்கை செய்தன. 2018இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது. கையெழுத்து இட்டாயிற்று. அதற்குப் பொருள் தருவது ஏலூரிலும் இராணிப்பேட்டையிலும், பூவாற்றுக் கழிமுகத்திலும் நடக்கும் காரியமே. வருகிற ஆண்டு மலரில் நெய்யாற்றின் முதற் கணக்கைப் படிக்கும் நாளை எதிர்நோக்கி அமைகிறோம்.